நாலு ஊருக்குப் பொதுத் தளம்

மடைப்பொட்டலில் உக்கிரபாண்டி, எட்டுநாழிப்புதூரில் பொன்னுலிங்கம், சங்கிலிவிளையில் ஜெபமணி, கள்ளிமேட்டில் தவசி என்று ஊருக்கு ஒருவராக நாலு கொத்தனார்கள் இருந்தார்கள். ஆளுக்கு ஒரு கரண்டி இருந்தது, ஆளுக்கு ஒரு ரசமட்டம் இருந்தது. மூளை மட்டும் நாலு பேருக்கும் பொதுவாக ஒன்றுதான். அது இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மற்றவரிடம் இருக்கும் என்ற நம்பிக்கையில் நாலு பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

ஆனால் தொழிலில் குறை சொல்லிவிட முடியாது. அவர்கள் எழுப்பிய சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால், குண்டுதான் கோணலோ என்று சந்தேகம் வரும்.

நாலு பேரில் உக்கிரபாண்டிதான் மூத்தவர். பேருக்கு ஏற்ற கோபம். பதினோரு வயதில் சாந்துச் சட்டி தூக்கித் தொடங்கிய பிழைப்பு. எழுத்து வாசனை கிடையாது. உலகம் அவரை அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: எவன் என்ன சொன்னாலும் அதில் கொஞ்சம் குறை. டாக்டர் பத்து மாத்திரை எழுதினால் எட்டோடு நிறுத்துவார். கோயிலில் மூன்று சுற்று என்றால் இரண்டரையில் நின்று, "போதும், அவருக்கே தலை சுத்தும்" என்பார். எதையும் குறைக்காமல் வீடு திரும்பிய நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. நாற்பது வருஷமாக அவர் எத்தனையோ கட்டடம் கட்டிவிட்டார். கல்வெட்டில் திறந்துவைத்தவர் பேர் இருக்கும், தலைமை தாங்கியவர் பேர் இருக்கும், ஒரு தடவை பந்தலுக்கு வாழைமரம் கொடுத்தவர் பேர்கூட இருந்தது. கட்டினவன் பேர் மட்டும் இருந்ததில்லை. கண்ணை மூடுவதற்குள் ஒரு கல்லிலாவது தன் பேரைத் தடவிப் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் ஓர் அறக்கட்டளை, நாலு ஊருக்கும் பொதுவாக ஒரு பள்ளிக்கூடம் கட்டித் தருவதாகச் சொன்னது. வேலையைக் கேட்டுப் பட்டணத்துக் கம்பெனி ஒன்று ஏற்கெனவே வந்து நின்றது. அறக்கட்டளையில் பொறுப்பாக இருந்த மங்கையர்க்கரசி அம்மாளுக்கோ உள்ளூர்க் கொத்தனார்களிடமே கொடுக்க விருப்பம். ஆனால் நாலு ஊர் ஆட்கள் நாலு பக்கம் இழுத்தால் கட்டடம் எழும்பாது. ஆகவே நாலு பேரும் அவரவர் ஊரில் இருந்தபடியே ஒரே சங்கமாகக் கலந்து பேசி வேலை செய்ய முடியும் என்று காட்ட வேண்டும். அதற்கு மெய்நிகர் சங்கம் என்று பேர். காட்டிவிட்டால் வேலை அவர்களுக்கு, கல்வெட்டில் பேரும் உண்டு. காட்டாவிட்டால் கம்பெனிக்கு.

உக்கிரபாண்டி போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். இங்கிலீஷில் எழுதி ஏமாற்றுகிற கதை தன்னிடம் நடக்காது, ஒரு எழுத்து விடாமல் எல்லாம் தமிழில் வரவேண்டும். மங்கையர்க்கரசி அம்மாள் தமிழ் எம்.ஏ. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உட்கார்ந்து ஏழு நிபந்தனைகளை அழகான தமிழில் எழுதினார். எழுதிவிட்டு, ஒரு மரியாதைக்காகப் போனில் கூப்பிட்டு, ஏழு நிபந்தனை இருக்கிறது என்று சொன்னார். அங்கேதான் பிடித்தது சனி.

"ஏழு ஜாஸ்தி தாயி. அஞ்சுன்னு முடிச்சுக்கிடுவோம்."

"கொத்தனார் ஐயா, இது நிபந்தனை. கத்தரிக்காய் இல்லை."

"என்னவா வேணா இருக்கட்டும். சொன்ன விலைக்கு எடுத்தா நாளைக்கு என்னை எவன் மதிப்பான்? சரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். ஆறு."

அம்மாளுக்கு அன்றைக்கு வேறு வேலைகள் இருந்தன. ஏழாவது நிபந்தனை எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், அது இல்லாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று நினைத்து அதை ஒரு கோடு போட்டு அடித்தார். போகிற போக்கில் உக்கிரபாண்டி பதினைந்து நாள் கெடுவை இருபத்தைந்தாகவும் ஆக்கிக்கொண்டார்.

அடிபட்ட ஏழாவது நிபந்தனை இதுதான்: "மேற்கண்ட அனைத்தும் கணினியிலோ கைபேசியிலோ மட்டுமே அமைய வேண்டும்."

*

கடிதம் வந்ததும் அடுத்த சிக்கல். அவரவர் ஊரில் இருந்தபடியே கூட வேண்டும் என்றால் எங்கே கூடுவது? உக்கிரபாண்டி ஒரு நாள் முழுக்க யோசித்தார். மூளை அன்றைக்கு அவரிடம்தான் இருந்தது போலும். நாலு ஊர் எல்லையும் ஒரு பொட்டலில் ஒரே கல்லில் முட்டுகின்றன. அந்தக் கல்லைச் சுற்றி நாலு பேரும் நின்றால், ஒருத்தர் மூச்சு ஒருத்தர் மேல் படும், ஆனால் ஒருத்தரும் தன் ஊரை விட்டு நகரவில்லை. கேட்ட மூவரும் அப்போதே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள்.

நின்றார்கள். எட்டாம் வகுப்பு வரை படித்த ஜெபமணி, வேதம் வாசிக்கிற குரலில் கடிதத்தைப் பிரித்து வாசித்தார். "மெய்நிகர் சங்கம்" என்ற தலைப்பிலேயே வண்டி நின்றுவிட்டது.

"மெய்யின்னா உடம்பு. எங்க வாத்தியார் சொல்லியிருக்காரு" என்றார் ஜெபமணி. "நிகருன்னா சமம்."

"அப்ப நாலு உடம்பும் சமமா இருக்கணும்கிறாங்க" என்றார் பொன்னுலிங்கம். சொன்ன பிறகுதான் தன் வயிற்றைப் பார்த்தார்.

சிமெண்டுக் கடைத் தராசில் நாலு பேரும் ஏறி இறங்கினார்கள். மூன்று பேர் ஏறக்குறையச் சரி. தவசி ஒருத்தன்தான் கழுத்துக்கு மேலும் கீழும் எலும்பாக இருந்தான். மற்ற மூவரையும் இளைக்க வைக்கலாம் என்றால் இருபத்தைந்து நாள் பத்தாது. ஆகவே தவசியின் இடுப்பில் ஒரு சாக்கைக் கட்டி, தராசு முள் நடுவில் வரும்வரை அதில் செங்கல் போட்டார்கள். பதினோராவது செங்கலில் தவசி மெய்நிகர் ஆனான். பள்ளிக்கூட வேலை கைக்கு வரும்வரை அதை அவிழ்க்கக் கூடாது என்று முடிவானது.

"தூங்கும்போது அண்ணாச்சி?" என்றான் தவசி.

"தூங்கும்போது மட்டும் நீ வேற சங்கமால?" என்றார் உக்கிரபாண்டி.

முதல் நிபந்தனையை ஜெபமணி வாசித்தார். "நால்வரும் சேர்ந்து செயல்பட ஒரு பொதுத் தளம் அமைக்க வேண்டும்."

அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். பிறகு உக்கிரபாண்டி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இம்புட்டுதானா வே? கொத்தனாருக்குத் தளம் போடத் தெரியுமான்னு பரீட்சை வைக்காங்க. நாமதான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டோம்."

"தளம்னா கீழ சுவரு வேணும்லா?" என்று தவசி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான்.

"பின்ன ஆகாசத்துலயா தொங்கும்?"

அப்படியாக மறுநாளே எல்லைக்கல்லை நடுவில் வைத்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி. அவரவர் வீட்டில் மிஞ்சிக் கிடந்த செங்கல், கம்பி, மணல் எல்லாம் வந்து இறங்கியது. ஆளுக்கு ஒரு மூலை. அந்த மூலை அவரவர் ஊர். சாந்துச் சட்டி எல்லை தாண்டலாம், பீடி தாண்டலாம், கால் தாண்டக் கூடாது. ஒரு நாள் பொன்னுலிங்கம் பெரிதாக ஒரு தும்மல் தும்மியதில் இடது கால் சங்கிலிவிளைக்குள் போய்விட்டது. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எட்டுநாழிப்புதூருக்கு நடந்தார். வீட்டு வாசலைத் தொட்டுவிட்டு, அங்கிருந்து முறைப்படி கிளம்பி, மத்தியானத்துக்கு மேல் தன் மூலைக்கு வந்து சேர்ந்தார்.

உக்கிரபாண்டியின் மனைவி முப்பிடாதி கஞ்சி கொண்டுவந்தவள் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். மனுசர் இல்லாத பொட்டலில் எதற்குக் கட்டடம் என்று கேட்டாள். சொன்னார்கள். கடிதத்தை வாங்கி ஒரு தடவை வாசித்தாள்.

"ஏங்க, இது செல்லுல பாக்குற தளமா இருக்கப்போகுது. எங்க மகளிர் குழுவுக்கு அப்படித்தான் ஒண்ணு வச்சிருக்கோம். உக்காந்த இடத்துல இருந்தே பத்து பேரும் பேசுதோம்."

உக்கிரபாண்டி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏட்டி, செல்லுல எப்படிக் கான்கிரீட்டு நிக்கும்? கண்ணாடிட்டி அது. வழுக்கிட்டுப் போயிரும்."

மற்ற மூவரும் தலையை ஆட்டினார்கள். தொழில் தெரியாதவர்களிடம் பேசிப் பயனில்லை என்பதுபோல் பொன்னுலிங்கம் கஞ்சியைக் குடித்தார். முப்பிடாதி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு நடந்தாள். மறுநாளிலிருந்து கஞ்சியோடு ஒரு முக்காலியும் கொண்டுவந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

இரண்டாவது நிபந்தனை: "முகப்பு எளிமையாகவும் பார்த்தவுடன் புரியும்படியும் இருக்க வேண்டும்." எளிமையான முகப்பு ஒன்றைப் பூசி முடித்தார்கள். பார்த்தவுடன் புரியாமல் போய்விடக் கூடாதே என்று ஜெபமணி அதன்மேல் பெரிய எழுத்தில் "இது முகப்பு" என்று வர்ணத்தில் எழுதினார். அதன் பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பத்தாம் நாள் தளம் போட்டார்கள். விடியலில் ஆரம்பித்துப் பொழுது சாய முடித்தார்கள். ஒரு பொட்டு ஒழுகல் கிடையாது. நாலு ஊர்க் கலவையும் நடுவில் சந்தித்த இடத்தில் கோடு கூடத் தெரியவில்லை. உக்கிரபாண்டி தளத்தின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, நடுவில் அசையாமல் நின்ற அதன் குமிழைக் கொஞ்சநேரம் மற்றவர்களுக்குத் தெரியாமல் ரசித்தார்.

*

மூன்றாவது நிபந்தனையில்தான் அடிதடி வரை போனது. "தளத்துக்குள் நால்வரும் தனித்தனியே நுழைய வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் இருக்க வேண்டும். அதை யாரிடமும், தங்களுக்குள்ளும்கூட, சொல்லக் கூடாது."

கடவு என்றால் வேலியில் ஆள் நுழைகிற சந்து என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே கடவுச்சொல் என்பது வாசலில் நின்று சொல்கிற சொல். இதில் ஒரு குழப்பமும் இல்லை. நாலு பக்கமும் நாலு வாசல் வைத்து, நாலு கதவு மாட்டி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார்கள். தவசி முதலில் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வது, வெளியே இருப்பவர் சொல்லைச் சொன்னதும் தன் மூலையில் இருந்தபடியே கம்பால் திறந்துவிடுவது என்று ஏற்பாடு.

உக்கிரபாண்டி தன் கதவின் முன் போய் நின்று தொண்டையைச் செருமினார். பிறகு பேசாமல் நின்றார்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றது உள்ளிருந்து தவசியின் குரல்.

"சொன்னா உனக்குத் தெரிஞ்சு போகும்ல."

"சொல்லாட்டி எப்படித் தொறக்க?"

"சொல்லக் கூடாதுன்னு கடுதாசில போட்டிருக்கு. சொல்லாமத் தொற."

"சொல்லாமத் தொறந்தா அப்புறம் எதுக்கு அண்ணாச்சி சொல்லு?"

உக்கிரபாண்டி கரண்டியை எடுத்துக்கொண்டு கதவை நெருங்கினார். ஜெபமணி அவரைப் பிடித்துக்கொண்டார். பொன்னுலிங்கம் நெடுநேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, ஒரு வழி சொன்னார். தவசியின் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துவிடுவது. வெளியே இருப்பவர் கதவுச் சந்தில் வாயை வைத்துச் சொல்லைச் சொல்லவேண்டியது. தவசி சந்து வழியாக உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, உதடு ஆடி நின்றதும் திறந்துவிடவேண்டியது. சொல்லும் சொன்னதாயிற்று, ரகசியமும் காப்பாற்றியதாயிற்று.

"அப்ப எவன் வந்து உதட்டை ஆட்டினாலும் தொறந்திருவானே" என்றாள் முக்காலியில் இருந்த முப்பிடாதி.

"அதுக்குத்தான் நாலாவது நிபந்தனை" என்றார் உக்கிரபாண்டி வெடுக்கென்று.

நாலாவது நிபந்தனை: "அந்நியர் நுழையாமல் இருக்கத் தீச்சுவர் கட்டாயம் வேண்டும்." தீயை வைத்துச் சுவர் கட்டுவதா, சுவரைக் கட்டித் தீ வைப்பதா என்று மூன்று நாள் பேசினார்கள். தீயைச் செங்கல்போல் அடுக்கினால் மட்டம் நிற்காது என்பது தவசியின் கட்சி. கடைசியில் கட்டடத்தைச் சுற்றி இடுப்பளவுக்குக் காய்ந்த பனையோலையை அடுக்கி வைத்து, கெடு முடிகிற வெள்ளிக்கிழமை காலையில் கொளுத்துவது என்று தீர்ந்தது.

ஐந்தாவது நிபந்தனை சுலபமாக இருந்தது. "பள்ளிக்கூட வரைபடத்தைத் தளத்தில் ஏற்றி வையுங்கள். நான் மதுரையில் இருந்தபடியே இறக்கிக்கொள்வேன்." வரைபடத்தைச் சுருட்டி, ஒரு துணிப்பையில் போட்டு, பறக்காமலிருக்க ஒரு கல்லையும் போட்டு, தளத்தின் மேல் ஏற்றி வைத்தார்கள். அம்மாள் மதுரையில் இருந்தபடியே இறக்க வேண்டுமே என்று பையில் ஒரு கயிற்றைக் கட்டி, வடக்குப் பக்கமாக விட்டார்கள். கயிறு நூறு அடி போய் ஒரு பனைமரத்தோடு தீர்ந்துவிட்டது.

"மிச்சத் தூரம்?" என்று கேட்டான் தவசி.

"மிச்சத்துக்கு அவங்க அந்தப் பக்கமிருந்து கயிறு போட்டிருப்பாங்க. எல்லாத்தையும் நாமளே செஞ்சா அவங்களுக்கு என்ன வேலை?" என்றார் உக்கிரபாண்டி. கயிற்று நுனியைப் பனையில் கட்டி, "மதுரை" என்று ஓர் அட்டையையும் தொங்கவிட்டார்கள்.

*

ஆறாவது நிபந்தனைப்படி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நால்வரும் தளத்துக்குள் நுழைந்து காத்திருக்க வேண்டும். மங்கையர்க்கரசி அம்மாள் அழைப்பார்.

முந்தின நாளே தளத்தைத் தாங்கியிருந்த முட்டுக்களை எடுத்துவிட்டார்கள். தளம் அசையவில்லை. வெள்ளிக்கிழமை நாலு பேரும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி வந்தார்கள். தவசி வேட்டிக்கு மேல் செங்கல் சாக்கு. உதடுகள் ஆடின, கதவுகள் திறந்தன, தாழ்கள் விழுந்தன. உள்ளே அவரவர் மூலையில் நின்றார்கள். ஜெபமணி சன்னல் வழியாகக் கையை நீட்டித் தீச்சுவரைப் பற்றவைத்தார்.

உக்கிரபாண்டி வேட்டியை நீவிவிட்டுக்கொண்டார். நாற்பது வருஷம் இந்த நிமிஷத்துக்காகத்தான். அப்போது பொன்னுலிங்கத்தின் செல்போன் கிணுகிணுவென்று அடித்தது.

"அணைச்சுத் தொலையும் வே" என்று சீறினார் உக்கிரபாண்டி. "அந்தம்மா கூப்பிடுற நேரம். இந்தச் சத்தத்துல அவங்க அழைக்கிறது எப்படிக் காதுல விழும்?"

அடுத்து ஜெபமணியுடையது அடித்தது. அடுத்து தவசியுடையது. அவன் காதில் பஞ்சு. உக்கிரபாண்டி தம் மூலையிலிருந்தே ஜாடை காட்டி அதை அணைக்க வைத்தார். கடைசியில் தம்முடையது அடித்தபோது அதைக் கழற்றிப் பேட்டரியையே உருவிவிட்டார். எவனோ வேண்டுமென்றே கெடுக்கப் பார்க்கிறான், கம்பெனிக்காரனாகத்தான் இருக்கும் என்றார்.

பிறகு நல்ல அமைதி. நாலு பேரும் மதுரைப் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

பத்தரை ஆனது, பதினொன்று ஆனது. மதுரையில் திரையின் முன் உட்கார்ந்திருந்த மங்கையர்க்கரசி அம்மாள், ஒருவரும் எடுக்காததால் பயந்து, மாற்று எண்ணாகக் கொடுத்திருந்த முப்பிடாதியின் போனுக்கு அடித்தார். முப்பிடாதி முக்காலியில் இருந்தபடியே எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னாள். பிறகு, "நான் நேரிலேயே வருகிறேன்" என்றார் அம்மாள்.

அவர் கார் வந்து சேர மத்தியானம் இரண்டரை. முப்பிடாதிதான் வெக்கை ஆறிவிடாமல், பாவம் ஆசைப்படுகிறார்களே என்று, அவ்வப்போது ஓலையைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள். அம்மாள் இறங்கிய இடத்தில் ஒரு பனைமரம் நின்றது. அதில் "மதுரை" என்று எழுதியிருந்தது. மூன்று மணிநேரம் காரோட்டி வந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு கயிறு தொங்கியது. கயிறு தொங்கினால் யாரும் இழுத்துத்தான் பார்ப்பார்கள். இழுத்தார்.

தளத்தின் மேலிருந்து துணிப்பை உருண்டு, சரியாகத் தீச்சுவரின் நடுவில் விழுந்து, குப்பென்று பற்றியது.

"இறக்கிட்டாங்க வே" என்றார் உக்கிரபாண்டி உள்ளே. கண்ணில் தண்ணீர். "மதுரையில இருந்தே இறக்கிட்டாங்க."

முப்பிடாதி ஒரு குடம் தண்ணீரை ஊற்றித் தீச்சுவரில் ஒரு வழி உண்டாக்கினாள். அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு முகப்புக்கு வந்தார். அது முகப்பு என்று அவருக்குப் பார்த்தவுடன் புரிந்தது.

"கொத்தனார் ஐயா," என்று கூப்பிட்டார்.

"அழைச்சிட்டாங்க. நல்லாக் கேக்குது பாத்தியளா, செல்லை அணைச்சதுக்கு?" என்றது உள்ளே குரல்.

"கதவைத் திறங்கள்."

"கடவுச்சொல்லு சொல்லுங்கம்மா."

அம்மாள் கதவில் சாய்ந்துகொண்டார். மூன்று மணிநேர வெயில். வழக்கமாகத் திரையில் இந்த இடத்தில் எதைத் தொடுவாரோ அதையே வாய் சொன்னது. "கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்."

உள்ளே சலசலப்பு. மறந்தவர்களுக்கு என்ன செய்வது என்று கடிதத்தில் இல்லை. பெரிய மனுஷி, வெயிலில் நிற்கிறார், மறந்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்கிறார். உக்கிரபாண்டிக்கு மனசு இளகிவிட்டது. சொல்லிக்கொடுப்பதுதான் மரியாதை என்று, இத்தனை நாளாகக் காத்த ரகசியத்தை ஊருக்கே கேட்கும்படி கத்தினார்: "முப்பிடாதி ஒம்பது இஞ்சு சுவரு, தாயி."

வெளியே முப்பிடாதி தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தாள். "யாரு சுவரு? வீட்டுக்கு வாங்க, பேசிக்கிடுவோம்."

அம்மாள் சொல்லைத் திருப்பிச் சொன்னார். கதவு திறக்கவில்லை. தவசி காதில் பஞ்சோடு கள்ளிமேட்டு மூலையில் நின்றுகொண்டிருந்தான். எதிர் மூலைக்குப் போய் அவனைத் தொட்டுச் சொல்லலாம் என்றால், யாரும் தன் ஊரை விட்டு நகரக் கூடாது. கடைசியில் பொன்னுலிங்கம் எச்சில் துப்பி அவன் கவனத்தைத் திருப்பினார். அவன் சந்து வழியாக அம்மாள் உதட்டைப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே ஒரு கம்பை நீட்டித் தாழை விலக்கினான்.

அம்மாள் உள்ளே வந்தார். திட்டுவதற்காக நிமிர்ந்தவர் தளத்தைப் பார்த்தார். சுவரைத் தடவினார். நாலு ஊர்ச் சுவரும் கூடுகிற இடங்களைப் பார்த்தார். உக்கிரபாண்டியின் ரசமட்டத்தை வாங்கிச் சன்னல் கட்டையில் வைத்தார். குமிழ் நடுவில் போய் நின்றது. அடுத்த சன்னலில் வைத்தார். அங்கேயும் நின்றது.

"இதையா இருபத்தைந்து நாளில், ஊர் எல்லை தாண்டிக் கால் வைக்காமல், நாலு பேரும் கட்டினீர்கள்?"

"உங்க தமிழ் அப்படிம்மா. ஒரு இடம் புரியாம இல்ல" என்றார் ஜெபமணி.

அம்மாள் அந்த முக்காலியை வாங்கிப்போட்டு உட்கார்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கொஞ்சநேரம் தெரியவில்லை. பிறகு சொன்னார். கம்பெனிக்காரர்கள் முந்தாநாள் கணினியில் எல்லாவற்றையும் அழகாகக் காட்டினார்களாம். ஆனால் அவர்கள் காட்டியதில் ஒரு சுவர்கூட நிஜம் இல்லையாம். வேலை உங்களுக்குத்தான், இந்த அறையைச் சுற்றியே பள்ளிக்கூடத்தைக் கட்டுங்கள் என்றார். அந்த நொடியே தவசி சாக்கை அவிழ்த்துக் கீழே போட்டான். பதினோரு செங்கலும் பொன்னுலிங்கத்தின் காலில் விழுந்தன. அவர் வலியில் மூன்று ஊர் தாண்டிக் குதித்தார்.

கிளம்புவதற்கு முன் அம்மாள் உக்கிரபாண்டியிடம் அந்த ஏழாவது நிபந்தனையை வாசித்துக் காட்டினார். உக்கிரபாண்டிக்கு முகம் கறுத்துவிட்டது. ஆயுசிலேயே முதல் தடவையாகத் தாம் குறைத்தது தமக்கே வினையாக வந்ததை அவர் ஏற்றுக்கொண்டார். இனிமேல் எழுதி வருவதில் ஒரு எழுத்தையும் குறைப்பதில்லை, ஒரு எழுத்தையும் மாற்றுவதில்லை என்று எல்லைக்கல்லில் கையடித்துச் சத்தியம் செய்தார்.

சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். பத்து மாதத்தில் பள்ளிக்கூடம் எழும்பியது. திறப்புக்கு முந்தின வாரம் அம்மாளிடமிருந்து கடைசிக் கடிதம் வந்தது. ஜெபமணி வாசித்தார்: "வாசல் கல்லில் 'கட்டியவர்' என்று போட்டு, அதன் கீழே உங்கள் பெயர் தெளிவாகத் தெரியும்படி பொறித்துவிடுங்கள்."

"எழுதியிருக்கிறபடியே வெட்டும் வே. ஒரு புள்ளி மாறக் கூடாது" என்றார் உக்கிரபாண்டி.

திறப்பு நாளன்று கல்லை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். கறுப்புக் கல்லில் வெள்ளை எழுத்து பளிச்சென்று இருந்தது.

கட்டியவர்:
உங்கள் பெயர்

உக்கிரபாண்டி கல்லை மேலிருந்து கீழாக ஒரு தடவை தடவினார். முப்பிடாதி பக்கத்தில் வந்து வாசித்தாள்.

"இதுல உக்கிரபாண்டின்னு எங்க இருக்கு?"

"அந்தம்மா என்னைப் பாத்து உங்கள் பெயருன்னா, அது யாரு பேரு? எம் பேருதான?"

பொன்னுலிங்கம், அம்மாள் தன்னையும் நீங்கள் என்றுதான் சொல்வார்கள், ஆகவே தன் பேரும்தான் என்றார். ஜெபமணியும் தவசியும் அதையே சொன்னார்கள். நாலு பேர் பேரையும் இவ்வளவு சின்னக் கல்லில் அடக்கிவிட்ட அம்மாளின் தமிழை நினைத்து நாலு பேரும் கல்லைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

அப்போது கட்டடத்தைப் பதிவேட்டில் ஏற்ற ஓர் அதிகாரி வந்தார். கட்டியவர் யார் என்று கேட்டார். தான்தான் என்றார் உக்கிரபாண்டி. அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"உங்கள் பெயர்?"

"ஆமா சார்" என்றார் உக்கிரபாண்டி பூரிப்போடு. அரசாங்கத்துக்குக்கூடத் தெரிந்திருக்கிறதே.

"இல்லை, உங்கள் பெயர்?"

"அதேதான் சார். சந்தேகம்னா கல்லைப் பாத்துக்கிடுங்க."

அதிகாரி கல்லின் முன் போய் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தடவை வாசித்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை வாசித்தார். பிறகு, கல்லில் இருப்பதை மீறத் தனக்கு அதிகாரம் இல்லை என்பதுபோல் தோளைக் குலுக்கிவிட்டு, பதிவேட்டில் கட்டியவர் என்ற இடத்தில் தன் பேரை, தகப்பனார் பேர், படித்த பட்டம், பதவி எல்லாவற்றோடும் எழுத ஆரம்பித்தார். அவருக்குச் சொந்த ஊர் கள்ளிமேடு என்று பிறகுதான் தெரிந்தது.

உக்கிரபாண்டி மனைவியின் முழங்கையை இடித்தார்.

"பாத்தியாட்டி, எம் பேரை எம்புட்டு நீளமா எழுதுதாரு."